ஒரே ஒயின், இரண்டு பாட்டு

என் கணவனிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லா கீது." உப்புப் போட மறந்த சாம்பாரும் நல்லா கீது, புதுப் புடவையும் நல்லா கீது. நான் ஆசைப்பட்டு ஹாலுக்கு அடிக்கச் சொன்ன பச்சை பெயிண்ட் காய்ந்ததும் எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. அதுவும் அவனுக்கு நல்லா கீது. அவன் திருமழிசையில் பிறந்து வளர்ந்தவன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நான் திருச்சியிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவள். ஆவடி ரயிலில் பார்த்துப் பழகித்தான் கல்யாணம் செய்துகொண்டோம். எதிலும் குறை சொல்லாத ஆளாக இருக்கிறானே என்று அப்போது பூரித்துப்போனேன். என் புத்தியை என்ன சொல்ல?

போன வருடம் ஆபீஸில் எங்கள் டீமை ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒற்றுமையை வளர்க்கிறார்களாம். எந்த ஒயினுக்கு எந்த இசை பொருந்தும் என்று அங்கே ஒரு நிகழ்ச்சி. அதை நடத்திய பெண் எங்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டிலிலிருந்து சிவப்பு ஒயின் ஊற்றிக் கொடுத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளச் சொன்னார். முதலில் கனமான, மெதுவான வீணை. ஒரு வாய் குடித்தேன். நாவல் பழம் தின்ற மாதிரி நாக்கு துவர்த்துப்போனது. அடுத்தது துள்ளி ஓடும் பியானோ. அதே கிளாஸ், அதே ஒயின். துவர்ப்பைக் காணோம். ஆரஞ்சுச் சுளை போலப் புளிப்பும் இனிப்புமாக இறங்கியது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அதுவரை மதுவைத் தொட்டே பார்க்காதவள் நான். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "உங்களுக்கும் மாறுச்சா? உங்களுக்கும் மாறுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்டியா? நல்லா கீதே," என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எது நல்லா கீது? நீ குடித்தாயா, கேட்டாயா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு விஷயத்திலாவது இவன் தன் நாக்கால் ருசித்து, தன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். துவர்க்கிறது என்று சொல்லட்டும், புளிக்கிறது என்று சொல்லட்டும், சீ என்று துப்பட்டும். அவனுடைய வார்த்தையாக இருந்தால் போதும்.

ஒயின் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஊரெல்லாம் ஒயின் ஷாப் என்கிறோம், உள்ளே அது மட்டும் இருப்பதில்லை. பூந்தமல்லியில் ஒரு கடைக்கு எதிரே, போகிற வருகிறவர்கள் எல்லாம் முறைக்க, நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன என் கணவன் வெறுங்கையோடு வந்தான்.

"ஒயினுன்னு கேட்டா சிரிக்கிறாம்மா. பீரு வாங்கிக்கினு போ நைனான்றான்."

பிறகு வேகாத வெயிலில், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளில் ஊர்ந்து ஊர்ந்து, ஒரு மாலில் இருந்த பெரிய கடையில் நாசிக்கில் தயாரான ஒயின் ஒன்றைப் பிடித்தோம். அவ்வளவு தூர அலைச்சலில் அவன் ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் மகன் கீழ்வீட்டுப் பையனின் பிறந்தநாளுக்குப் போனதும் பாட்டிலை எடுத்துவைத்தேன். ஆடி மாதம். எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் பழைய தெருவில் அன்று அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். எங்கள் காம்பவுண்டை ஒட்டிய கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது.

"அம்மனுக்குக் கூழு ஊத்துற அன்னிக்கு ஊட்ல குந்திகினு ஒயினா?" என்றான்.

அவனுக்கு இதில் விருப்பமில்லை என்று ஒரு நிமிடம் நம்பிக்கையே வந்துவிட்டது. "வேணாம்னா சொல்லு. எடுத்து வச்சிடுறேன்."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாதான் கீது."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

பாட்டிலைப் பார்த்தால் வாயில் தக்கை. அதைத் திறக்கத் தனியாக ஒரு திருகி வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அவன் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. டூல் பாக்ஸைக் கொண்டுவந்தான். ஒரு நீள ஸ்க்ரூவைத் தக்கையில் முறுக்கி, கட்டிங் பிளேயரால் கவ்வி, பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து இழுத்தான். "எஸ்டேட்ல இத்தவிட டைட்டானதெல்லாம் கயட்டிகீறேன்," என்று பெருமையாகச் சொன்னான். தக்கை வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த ஆர்வத்தில் பாதியை ஒயினிடம் காட்டியிருக்கலாம். அடுத்து சமையலறைக்குப் போய் சோடா, ஐஸ், ஒரு தட்டு மிக்சர் எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பினான்.

"ஒண்ணும் கலக்கக்கூடாது," என்றேன்.

"ராவாவா?"

"ஆமா, ராவா. ஒரு வாய். கடகடன்னு இல்ல."

ஆபீஸ் கால் பேசுகிற பெரிய ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, என் போனில் வீணையைப் போட்டேன். கண்ணை மூடி ஒரு வாய் குடித்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன்.

"துவர்ப்பா கீதும்மா," என்றான்.

துவர்ப்பு! நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகவே சொன்ன வார்த்தை. அடுத்த பாட்டைத் தொட்டேன். பியானோ. அவன் இன்னொரு வாய் குடித்தான். தலையை ஆட்டினான். விரலால் மேஜையில் தாளம்கூடப் போட்டான்.

"மாறிச்சும்மா! சுத்தமா மாறிச்சு. இனிப்பா கீது. நீ சொன்னது கரெக்டுதான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக நாங்கள் இருவரும் ஒன்றாக ஒன்றை உணர்ந்தோம் என்று தோன்றியது. அவன் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்துக்கொண்டேன், அந்தப் பியானோவை நானும் கேட்கலாம் என்று.

அதில் ஒரு சத்தமும் இல்லை. ஹெட்போனின் ஓரத்தில் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. சார்ஜ் தீர்ந்திருந்தது. போனில் பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, வெளியே அலறிய ஸ்பீக்கர் சத்தத்தில் யாருடைய காதுக்கும் போகாமல்.

"எப்போ நின்னுச்சு?" என்று கேட்டேன்.

அவன் மிக்சர் தட்டைப் பார்த்தான். "அந்த வீணை முடிஞ்சதுமே டொய்ங்னு ஒரு சவுண்டு வந்துச்சு. அப்பாலிக்கா ஒண்ணியும் கேக்கல."

"அப்ப தாளம் போட்டியே?"

"நீ அவ்ளோ ஆசையா மூஞ்சியையே பாத்துகினு இருந்தியா... அதான்."

அன்பில் சொன்னதுதான், எனக்குத் தெரியாதா? ஆனால் அதைவிட அவன் என்னை அறைந்திருக்கலாம். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. உனக்கு நான் பொண்டாட்டியா, தூங்க வைக்கிற குழந்தையா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவன் எழுந்துபோய் ஹெட்போனைச் சார்ஜரில் செருகிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியே அம்மன் பாட்டு நின்று, கூழ் வாங்க வரச்சொல்லி மைக்கில் யாரோ கூப்பிட்டார்கள்.

விளக்கு எரிந்ததும் அவனே எடுத்து மாட்டிக்கொண்டான். "போடு," என்றான். இரண்டு பாட்டையும் போட்டேன். இந்தமுறை தலையாட்டல் இல்லை, தாளம் இல்லை. ஒவ்வொரு வாயையும் நாக்கில் வைத்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு குடித்தான். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரில. சொல்லப்போனா, புடிக்கவே இல்ல."

ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் நம்பினேன். அவன் சொன்ன ஒன்றை எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்பி எவ்வளவு நாளாகிவிட்டது.

"இந்தப் பச்சை பெயிண்ட்?" என்று கேட்டேன்.

"கண்றாவியா கீது," என்றான், யோசிக்காமல். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கேட்க இன்னும் நிறைய இருந்தது. அவன் தன் சொந்த ஊரை விட்டு என் இஷ்டத்துக்கு இந்த ஆறாவது மாடிக்கு வந்தது, அவன் அப்பா பெயரை விட்டுவிட்டு மகனுக்கு நான் பெயர் வைத்தது, என்னோடு இருக்கிற இந்த வாழ்க்கை. அவன் என் பக்கம் திரும்பி, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தான். பாட்டிலில் பாதிக்குமேல் ஒயின் இருந்தது. நான் தக்கையைத் தேடி எடுத்து அழுத்தி மூடினேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.