மூன்று லிட்டர் என்று பதில் எழுதினோம்

எங்கள் பத்திரிகையின் திருப்பூர் பதிப்பில் வாரத்துக்கு ஒரு நாள், அரைப்பக்க அளவில் உடல்நலக் கேள்வி பதில் வரும். ஆறு வருடங்கள் அதை நான் தயாரித்தேன். வாசகர்கள் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதுவார்கள். ஏழெட்டுக் கேள்விகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் நான்கு வரிக்குள் சுருக்குவேன். செவ்வாய்க்கிழமை மதியம், டாக்டர் நோயாளிகளைப் பார்த்து முடித்துச் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில் ஃபோனில் பிடித்து வாசித்துக் காட்டுவேன். அவர் சொல்லச் சொல்ல தட்டச்சு செய்வேன். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் ஆகும்.

பதில்கள் எல்லாம் சரியானவை. தவறான மருத்துவம் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் வந்ததில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஏழு மணி நேரம் தூங்குங்கள். ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காராதீர்கள். கீரையும் பழமும் சேர்த்துக்கொள்ளுங்கள். மன அழுத்தத்தைக் குறையுங்கள். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டு வரை ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டுகிற ஊருக்கு இதைத்தான் ஆறு வருடம் எழுதினோம். அதில் எதையாவது யாராவது செய்ய முடிந்ததா என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. விசாரிப்பது என் தொழில் என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நான் குடியிருக்கும் காம்பவுண்டில் நான்கு வீடுகள். கடைசி வீட்டில் இருந்தவள் பல்லடம் பக்கத்துக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். மூன்று பிள்ளைகள். கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவள் பெரிய பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லர். சட்டை உடம்போடு கையை வைத்துத் தைக்கிற வேலை. பதினோரு வருட அனுபவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பேரும் துணி அலசிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“அக்கா, உங்க பேப்பர்ல டாக்டருகிட்ட கேக்கறீங்கல்ல, எனக்கும் ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க்கா.”

“என்ன பண்ணுது?”

“ஒண்ணுக்குப் போனா மொளகாப்பொடி தூவுன மாதர காந்துதுங்க்கா. அடிவகுறு இழுத்துப் புடிக்குது.”

“தண்ணி குடிக்கறதே இல்லையா?”

“ஊட்ல குடிப்பனுங்க. கம்பெனில எங்கீங்க குடிக்கறது? குடிச்சா எந்திரிச்சுப் போவோணுமே.”

எழுந்து போனால் என்ன என்று கேட்டேன். அவள் துணியைப் பிழிந்தபடி சொன்னாள்.

“லைனுக்கு ஒரு டோக்கனுங்க. சூப்பர்வைசரு மேசைகிட்ட ஆணில தொங்கும். ஒருத்தி எடுத்துட்டுப் போனா, அவ வந்து மாட்டற வரைக்கும் இன்னொருத்தி போவக் கூடாது. முப்பது பேருக்கு ஒண்ணு. சரி, டோக்கன் கெடைச்சுதுன்னே வெச்சுக்கங்க. நான் எந்திரிச்சா எனக்குப் பொறவு சைடு அடிக்கறவளுக்குப் பீஸு வராது. அவளுக்குப் பொறவு அடி மடிக்கறவளுக்கு வராது. எல்லாத்துக்கும் பீஸ் ரேட்டுங்க்கா, தெச்ச பீஸுக்குத்தான் காசு. ‘மகாராணி ஊர்வலம் போயிட்டு வாரீங்களா’ம்பாளுங்க. சூப்பர்வைசர் இல்லீங்க, அவளுங்களே கேப்பாளுங்க. நானும் கேட்டிருக்கறனுங்க, பொய் சொல்லப்படாது.”

“அப்ப என்னதான் பண்ணுவீங்க?”

“காத்தால ஒரு டம்ளர் டீ. மத்தியானம் சோத்தோட ரெண்டு மடக்கு. தயிர் சோறுகூடக் கொண்டுபோறதில்லீங்க, தண்ணி சேரும்னுட்டு. வறவறன்னு லெமன் சோறுதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “முப்பது பேருமே லெமன் சோறு. கதவத் தொறந்தா ஊறுகாய்க் கம்பெனியாட்டம் இருக்கும்.”

அன்று மாலையே அவள் கேள்வியை எழுதினேன். டோக்கன், பீஸ் ரேட், எட்டு மணி வரை அடக்கி வைப்பது எல்லாம் சேர்ந்து ஆறு வரி வந்தது. பக்கப் பொறுப்பாளர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இது உடல்நலப் பக்கமா, தொழிற்சங்க நோட்டீஸா?”

“ரெண்டு வரிதான் சார் அதிகம்.”

“அந்த ரெண்டு வரிக்குத்தான் எனக்கு நாலு ஃபோன் வரும். அந்தம்மா எரிச்சலுக்குத்தானே கேக்குது? எரிச்சலுக்குப் பதில் போடு. எடத்தையும் பாரு.”

இரண்டு வரியையும் நீக்கினேன். அவர் நீக்கவில்லை. நான் நீக்கினேன். இன்னொரு முறை வாதாடியிருக்கலாம், வாதாடவில்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் அடிவயிற்று வலியும் உள்ளன, என்ன செய்வது என்று கேள்வி சுருங்கியது. டாக்டரிடம் வாசித்ததும் அதுதான். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள், எரிச்சல் நீடித்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார். ‘வாசகி, திருப்பூர்’ என்று கீழே போட்டு அச்சிட்டோம்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“என்ற கேள்விதானுங்க்கா இது? டோக்கன் வெசயத்தைக் காணமுங்களே?”

“இடம் பத்தலை” என்றேன்.

“செரி உடுங்க. மூணு லிட்டரு. குடிச்சுப் போடறனுங்க.”

குடித்தாள். அதில்தான் எங்கள் தவறு இருந்தது. மூன்று லிட்டர் என்று எழுதிய நாங்கள் எப்போது குடிப்பது என்று எழுதவில்லை. பகல் முழுவதும் நாக்கு ஒட்டக் காய்ந்து கிடந்துவிட்டு, எட்டரைக்கு வீடு வந்ததும் ஒன்றரை லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் நிறையத் தண்ணீர், சோறு சாப்பிட்டபின் இன்னொன்று. கணக்கு சரியாக மூன்று லிட்டர். அவள் வேலையில் எல்லாமே நாள் முடிவதற்குள் எண்ணிக்கை சேர வேண்டும். எந்த மணியில் எத்தனை என்பது பிற்பாடு. தண்ணீரையும் அப்படியே டார்கெட் முடித்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், வேலைக்குப் போன இடத்திலிருந்து பாதியில் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தால் அலறினாள். கணவர் லாரியோடு வெளிமாநிலத்தில் இருந்தார். ஆட்டோ பிடித்து, எனக்குத் தெரிந்த ஒரே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்துக்குப் பதில் சொல்கிற அதே டாக்டர்.

“எத்தனை நாளா எரியுது?”

“ரெண்டு மாசமுங்க சார்.”

“பகல்ல எத்தனை தடவை போறீங்க?”

“மத்தியானம் ஒருக்காங்க.”

“காலைல எட்டரைக்குப் போனா நைட்டு எட்டு வரைக்கும் ஒரே தடவையா?” பேனாவைக் கீழே வைத்தார். “ஏம்மா, அடக்கக் கூடாதுன்னு தெரியாதா? பகல் பூரா அடக்கி வெச்சா கிருமி உள்ளயே பெருகத்தானே செய்யும்? வாராவாரம் பேப்பர்ல எழுதறோம். படிக்கவே மாட்டீங்களா?”

“படிச்சனுங்க சார்” என்றாள் அவள், பல் கிட்டித்துக்கொண்டிருந்த நடுக்கத்துக்கு நடுவே. “என்ற கேள்விக்குத்தானுங்க நீங்க எழுதுனீங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டிய இரண்டு வரி என்னிடம்தான் இருந்தது.

நான்கு நாள் படுக்கையில் இருந்தாள். இரண்டு வேளையும் ஊசி. ஸ்கேனில் வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. பழைய தழும்பும் இருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இது மொதல் தடவை இல்ல, முன்னாடியே வந்து தானா அடங்கியிருக்கு. இனி அடிக்கடி இப்படியே வந்துட்டிருந்தா இந்தக் கிட்னி தேறாது. பகல்ல தண்ணி குடிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் போகணும். மருந்தைவிட அதுதான் முக்கியம்” என்றார்.

“அதை எழுதிக் கொடுங்க டாக்டர்.”

“ப்ரிஸ்கிரிப்ஷன்ல எழுதியிருக்கேனே.”

“அவங்க கம்பெனிக்கு.”

“நான் டாக்டர்மா, லேபர் ஆபீசர் இல்ல” என்றார். ஆனாலும் எழுதினார். ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை செல்ல இவரை அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கையெழுத்து, பதிவு எண், சீல். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு பெண் மூத்திரம் பெய்ய மேல்படிப்புப் படித்த ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது.

கம்பெனியில் ஹெச்.ஆர். பையன் கடிதத்தை இரண்டு முறை படித்தானாம். உட்காரச் சொன்னானாம். அன்று மாலை அவள் என் வீட்டு நிலைப்படியில் நின்றபடியே சொன்னாள்.

“‘எங்களுக்கு உங்க ஹெல்த்துதானுங்க்கா முக்கியம்’கிறான். ‘லைன்ல இருந்தா உங்களுக்குத்தான் செரமம், பிசிறு வெட்டற மேசைக்கு மாத்திக் குடுத்தர்றோம்’கிறான். பதினோரு வருசம் மெசின்ல உக்காந்தவளக் கத்திரி புடிச்சு நூலு வெட்டச் சொல்றானுங்க்கா. அதையும் ‘வாங்க போங்க’ன்னு அத்தன மருவாதையாச் சொல்றான். திட்டியிருந்தாக்கூட நானும் நாலு வார்த்த கேட்டிருப்பேன்.”

“நான் எழுதறேன். இந்தக் கடிதத்தோட சேர்த்துப் பேப்பர்ல போடறேன்” என்றேன்.

“நாலு வரிலயாங்க்கா?”

குத்திக்காட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இடம் பத்தலை என்று நான் சொன்ன பொய்யை அவள் முதல்நாளே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எழுதத்தான் செய்தேன். முழுக் கேள்வியையும், மூன்று லிட்டர் எப்படி ஒரே மூச்சில் குடிக்கப்பட்டது என்பதையும், கம்பெனி பெயர் இல்லாமல், டாக்டர் சம்மதத்தோடு எழுதினேன். பக்கப் பொறுப்பாளர் “அப்பறம் பாக்கலாம்” என்று ஒரு ஓரத்தில் வைத்தார். அந்த ஓரம் எது என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். கொடுத்துவிட்டார்கள். பக்கம் இப்போதும் வருகிறது, பதில்கள் இப்போதும் சரியாகத்தான் இருக்கின்றன.

அவள் காத்திருக்கவில்லை. மெஷினையும் விட மாட்டேன், கிட்னியையும் விட மாட்டேன் என்று கம்பெனியை விட்டுவிட்டாள். இந்த ஊரில் டெய்லருக்கு வேலை தேடுவது கஷ்டமில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வாசல் கேட்டில் ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை’ என்று அட்டை தொங்கும். நான் ஒரு நாள் விடுப்பு எடுத்து ஸ்கூட்டரில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கமாக ரேட் என்ன, வாரச் சம்பளம் என்றைக்கு என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். அவள் முதல் கேட்டிலேயே வாட்ச்மேனிடம், “பாத்ரூம் எந்தப் பக்கமுங்க? ஒருக்காப் பாக்கலாங்களா?” என்றாள்.

அந்தப் பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஏஞ்சாமி, டெய்லரு வேலைக்கு வந்தயா, கட்டட வேலைக்கு வந்தயா?”

“டெய்லருதானுங்க. கட்டி வெச்சிருக்கறீங்களான்னு பாத்துட்டு உக்காரலாம்னு வந்தனுங்க.”

உள்ளே போய்விட்டு இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தாள். “பூட்டுத் தொங்குதுங்க்கா. சாவி சூப்பர்வைசர் பாக்கெட்டுலயாம்.” இரண்டாவது இடத்தில் பூட்டு இல்லை, கதவும் இல்லை. மூன்றாவது இடத்தில் டைல்ஸ் போட்டு, சோப்பு வைத்து, ஆர்டர் கொடுக்க வந்து பார்த்துவிட்டுப் போகிற வெளிநாட்டுப் பையர்களுக்காக மட்டும் ஒன்று பளபளவென்று இருந்தது. ஆள்களுக்குப் பின்பக்கம். அங்கேயும் டோக்கன். இங்கே அதை ‘பாஸ்’ என்றார்கள். அங்கிருந்த சூப்பர்வைசர் அவள் கேட்டதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். அவள் நின்று நிதானமாகக் கேட்டாள். “உங்க ஊட்ல பொம்பளைங்க யாருகிட்டங்க பாஸ் வாங்கறாங்க?” அவர் சிரிப்பை நிறுத்தினார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

நான்காவது இடமும் அப்படித்தான். ஐந்தாவதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட், பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற இடம். பதினைந்து மெஷின். கூரை தகரம், வெக்கை தாங்காது. முன்னால் பார்த்த எதையும்விட வசதி குறைந்த இடம். முதலாளியே தரையில் குனிந்து மெஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய கேள்விக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பின்னால இருக்குது பாருங்க. வந்தாப் போவோணும், இதுக்கென்னங்க ரூல்சு?” என்றார். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “உக்காந்துக்கறனுங்க” என்றாள்.

மறுநாள் பதினொரு மணி டீ நேரத்தில் அவளிடமிருந்து ஃபோன் வந்தது. பின்னால் மெஷின் சத்தம்.

“அக்கா, காத்தாலருந்து ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டனுங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலீங்க.”

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் எழுந்துபோன அந்தப் பழைய லைனில் இருபத்தொன்பது பேர் அந்நேரத்துக்கு வாய் காய உட்கார்ந்திருப்பார்கள். அவளுடைய மெஷினில் புதிதாக ஒருத்தியை உட்கார வைத்திருப்பார்கள். அவளும் பின்னால் இருப்பவள் முறைத்தால் பாதி எழுந்தவள் மறுபடி மெஷினில் குனிந்துகொள்வாள். இரண்டு முறை போய்விட்டு வந்தேன் என்பதை முப்பத்தெட்டு வயதில் ஒருத்தி பரீட்சையில் தேறியதுபோல் ஃபோன் போட்டுச் சொல்கிறாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நல்லது என்கிறேன்.