கதவுக்கு வெளியே சிவப்பு மக்

போன வாரம் ஊரப்பாக்கத்தில் பேத்தி வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிறவள். தண்ணீர் குடிக்க எழுந்தவள் திரையை மூடாமல் போனாள். எட்டிப் பார்த்தேன். வரி வரியாக என்னவோ ஓடுகிறது, ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு கூட்டல் குறி.

"இன்னாடி, எங்க மாட்டிக்கினு நிக்குதுன்னு தேடுறியா?" என்றேன்.

பேத்தி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஆயா, உனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரலை வைக்கிறவள் நான். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவேன். ஆனால் அந்தக் கூட்டல் குறி எனக்குப் பழைய சிநேகிதம். அதைச் சொல்லப்போனால் ஒரு கக்கூஸில்தான் ஆரம்பிக்க வேண்டும். முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ் இருந்தது. பெருக்குவது, துடைப்பது, டீ போடுவது எல்லாம் நான். கதவைத் திறந்ததும் சூடேறிய தூசி வாசனை வரும், இஸ்திரிப் பெட்டி வாசனை மாதிரி. கம்ப்யூட்டர்களின் முதுகுப் பக்கம் அப்படி ஒரு அனல். மழை நாளில் முந்தானையை அங்கேதான் காயவைப்பேன். இது மேனேஜர் சாருக்குக் கடைசிவரை தெரியாது.

ஏழு பேருக்கு ஒரே கக்கூஸ், அதற்கும் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. கட்டிடக்காரர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தார். நான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு சிவப்பு மக் வாங்கி வந்து சட்டம் போட்டேன். உள்ளே போகிறவர் மக்கைக் கதவுக்கு வெளியே தரையில் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். மக் தரையில் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மேனேஜர் சார் முதற்கொண்டு எல்லோரும் என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள்.

அங்கே ரேவதி என்று விழுப்புரம் பக்கத்துப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். நிரந்தரம் ஆகாவிட்டால் ஊருக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் முடித்துவிடுவதாக அவள் அப்பாவும் சொல்லியிருந்தார். அந்த மூன்றாவது மாதத்தில்தான் ஒரு கல்லூரியின் ஹால் டிக்கெட் வேலை அவள் கைக்கு வந்தது. மறுநாள் காலை பரீட்சை. சாயங்காலத்துக்குள் அச்சடித்துக் கொடுத்தாக வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து அச்சு இயந்திரம் வாயே திறக்கவில்லை. டீ கொண்டுபோனேன். ரேவதி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரே மாதிரி இரண்டு வரி, திரும்பத் திரும்ப.

"இன்னா பாப்பா இது, ஒரே கூட்டல் கணக்கா கீது?"

"அது கணக்கு இல்லக்கா. புரோகிராம் என்ன செய்யுதோ அதை ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே செய்யச் சொல்லியிருக்கேன். அப்படிச் சொன்னா முன்னாடி கூட்டல் போடும்."

"இப்ப இன்னா சொல்லுது?"

"ஃபைல் இருக்கா? இருக்கு. கொஞ்சம் தூங்கு. அவ்ளோதான். காலையிலேருந்து இதையே சொல்லுது."

எனக்கு இதெல்லாம் கேட்கப் பிடிக்கும், விடவில்லை. இரண்டு புரோகிராமாம். ஒன்று பிள்ளைகள் பேரைப் பட்டியலில் எழுதும், மற்றது அதைப் பார்த்து அச்சடிக்கும். பட்டியலில் கை வைக்கிற புரோகிராம் ஒரு வெற்று ஃபைலைப் போட்டுவிட்டு வேலை செய்யும், முடிந்ததும் எடுத்துவிடும். ஃபைல் இருக்கும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். பேர் எழுதுவது இன்னும் முடியவில்லை என்று ரேவதி நினைத்தாள். குறுக்கே போனால் பட்டியல் கெட்டுவிடுமோ என்று பயம்.

பக்கத்து மேசை சேகர், "பத்திரிகை எப்போ அடிக்கிற ரேவதி? கல்யாணப் பத்திரிகையாச்சும் இந்த மிஷின்ல வரட்டும்" என்றான். அவள் நகத்தை விட்டுவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். கண் மட்டும் கலங்கியது.

கொஞ்ச நேரத்தில் கக்கூஸ் வாசலில் மூன்று பேர் நின்றார்கள். மக் தரையில் இருந்தது. முதலில் சேகர், அடுத்து கணக்குப் பார்க்கிற பெரியவர், கடைசியில் ரேவதி.

"உள்ள யாருப்பா, மேனேஜர் சாரா?" என்றார் பெரியவர்.

"வேற யாரு இவ்ளோ நேரம் குந்துவாங்க? பேப்பரோட போயிருப்பாரு" என்றான் சேகர்.

"ஒரு தட்டு தட்டேன்."

"நீங்க தட்டுங்க சார். எனக்கு இன்க்ரிமென்ட் வேணும்."

யாரும் தட்டவில்லை. அப்போது கீழே இருந்து வடைப் பொட்டலத்தோடு மாடிப்படி ஏறி வந்தார் மேனேஜர் சார். "ஏம்பா வரிசையில நிக்கிறீங்க? உள்ள யாரு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கக்கூஸ் கழுவப் போகும்போது மக்கை வைத்தவள், பால் பொங்குகிற சத்தம் கேட்டு அப்படியே ஓடிவிட்டேன்.

"நான்தான் சார்" என்றேன்.

"நீ இங்க நிக்கிறியேக்கா" என்றான் சேகர்.

எல்லோரும் சிரித்தார்கள். ரேவதி மட்டும் மக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆளே இல்ல. மக் மட்டும்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். சொன்னவள் வந்த வேலையை விட்டுவிட்டு மேசைக்கு ஓடினாள். நானும் துடைப்பத்தோடு பின்னாலேயே போனேன்.

காலையில் கொஞ்ச நேரம் கரண்ட் போயிருந்தது; அப்போதே பேர் எழுதுகிற புரோகிராம் பாதியில் செத்துப்போயிருக்கிறது. அது போட்ட ஃபைல் மட்டும் அப்படியே கிடந்திருக்கிறது. ரேவதி அதை எடுத்துப் போட்டாள், விட்டுப்போன பேர்களை எழுதவைத்தாள். அச்சு இயந்திரம் கிர்ர் கிர்ர் என்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் கக்கூஸுக்கே போனாள்.

"சாவும்போது எடுத்துனு போன்னு சொல்லக்கூடாதா பாப்பா?"

"கரண்ட் சொல்லிட்டா போகுதுக்கா? ஓடுற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நம்பர் உண்டு. இனிமே போடுற ஃபைல்ல அதோட நம்பரையும் எழுதவைக்கிறேன். காத்திருக்கிறது அந்த நம்பரைத் தட்டிப் பாக்கும். உயிரோட இருந்தா தெரிஞ்சிடும். இல்லன்னா மக்கை எடுத்து மாட்டிட்டு உள்ள போகும்."

ஹால் டிக்கெட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் வந்த அவள் அப்பா என் டீயைக் குடித்துவிட்டுத் தனியாகத்தான் ஊர் திரும்பினார். ரேவதி அந்த ஃபைலுக்கு என் பேரையே வைத்துத் திரையில் காட்டினாள். கமலா என்பது இங்கிலீஷில் ஆறு எழுத்தாம். பெயின்டர் ஏணி மாதிரி ஓர் எழுத்து அதில் மூன்று முறை வரும். நான் படிக்கக் கற்றுக்கொண்டது அதை மட்டும்தான்.

அந்த மாடியில் இப்போது துணிக்கடை. கம்ப்யூட்டர்களைப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றிப்போனார். என் பேர் எந்தப் பெட்டிக்குள் போனதோ. ரேவதி வெளிநாட்டில் இருக்கிறாள் என்று கேள்வி. பேத்தி வீட்டில் இரண்டு கக்கூஸ், இரண்டிலும் நல்ல தாழ்ப்பாள்.

நான் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன ஆயா தேடுற?" என்றாள் பேத்தி.

"மூணு ஏணி வருதான்னு பாக்குறேன்."

கூட்டல் குறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஏணி ஒன்றிரண்டு வந்தது. மூன்று சேர்ந்து வரவில்லை.