அக்காவின் காடும் எங்கள் செற்றியும்

எங்கள் அக்கா வவுனியாவில் பிறந்து, வெள்ளவத்தையில் வளர்ந்து, ஓய்வு பெறும்வரை பெண்பிள்ளைகளுக்குத் தாவரவியல் கற்பித்தவர். திருமணம் செய்யவில்லை. விடுமுறை விட்டால் வன்னிக் காட்டில் நிற்பார். ஊருக்குப் போனவர்கள் தேனும் முருங்கைக்காயும் கொண்டுவருவார்கள். அக்கா பாலை, வீரை, முதிரை, பெயர் தெரியாத கொடிகள் என்று கிளை கிளையாகக் கொண்டுவருவார்.

அவற்றைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையில் விரித்து, பாரமேற்றிக் காயவைக்க வேண்டும். எங்கள் மாடி வீட்டில் பாரம் என்றால் மனிதர்கள்தான். எங்கள் மெத்தையில் படுத்தெழும்பிய உறவினர்களே, உங்கள் முதுகை உறுத்தியது என்னவென்று இன்றைக்காவது தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைப் பெண்பார்க்க வந்த நாள் காலையில்தான் அக்கா ரயிலால் வந்து இறங்கினார். கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பூங்கொடி. வேறெங்கும் காணாத அரிய கொடி; முதல் மழைக்குப் பிறகு ஓரிரு நாள் மட்டும் பூப்பது. அது நின்ற காட்டுத்துண்டை வெறும் பற்றைப் புதர் என்று அதிகாரிகள் எழுதி, வெட்டித் துப்புரவாக்கப் போகிறார்கள். இதழ் கெடாத பூவைக் காட்டினால்தான் தடுக்கலாம். அக்கா அதைத் தாளுக்குள் வைத்து, செற்றி மெத்தையின் கீழே செருகினார். அதன்மேல் மாப்பிள்ளையின் தாயார், இன்றைய என் மாமி, வந்து அமர்ந்தார். மாமி நல்ல உடம்புக்காரர். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

குசினியில் நான் அழாத குறை.

"அக்கா, தெரிஞ்சால் கலியாணம் குழம்பிப் போகும்!"

"சும்மா இரடி. பூ நல்லாப் படியுது."

மாமி எழும்பப் பார்த்த போதெல்லாம் அக்கா ஓடினார். "என்ன மாமி அவசரம்? இன்னும் ரெண்டு வடை சாப்பிடுங்கோவன்." வடை முடிந்து, தொதல் முடிந்து, மூன்றாவது தேத்தண்ணியும் வந்தது. மாமி அங்கேயே சம்மதம் சொன்னார். பூவும் சுருளவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அக்கா அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். அந்தக் காட்டுத்துண்டு இன்றும் நிற்கிறது.

நோயில் படுத்தபோதும், தன் தாள்கட்டுகளுக்குப் பூச்சி வராமல் வேப்பிலை வைத்தோமா என்றே கேட்டார்.

அக்காவைத் தூக்கி இருத்திய தாதியருக்கும், படியேறிச் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், அழுதுகொண்டு வந்து நின்ற மாணவிகளுக்கும் எங்கள் நன்றி. மாமிக்கு வேறாகச் சொல்ல வேண்டும். அக்காவின் இறுதிக்கிரியை அன்று அவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. நீங்கள் குசினியில கதைச்சது கேட்டது. ஒரு பூவுக்கு இந்தப் பாடு படுகிற வீட்டில பொம்பிளை எடுத்தால், என்ர பிள்ளையையும் நல்லாப் பாப்பினம் எண்டு நினைச்சன். அதுதான் ஆடாமல் அசையாமல் இருந்தனான்."

"எழும்பப் பாத்தீங்களே, மாமி?"

"அது சும்மா. அப்பதானே அடுத்த வடை வந்தது."

இதை அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்ல முடியவில்லையே என்று அன்று முழுவதும் அழுதேன்.