இரண்டு பிளாஸ்க்

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவர் என் பக்கத்து சீட்டுக்காரர். கியர்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். சட்டைப் பையில் சின்ன டார்ச், மடியில் இரண்டு பிளாஸ்க்.

வயிற்றுப்புண்ணுக்காக டாக்டர் பிளாக் டீயை நிறுத்தச் சொல்லியிருந்தார். அதனால் வாரம் ஒரு மூலிகை டீ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவாரம்பூ, துளசி, செம்பருத்தி என்று ஒரு பிளாஸ்க்கில் அது. இன்னொன்றில் அதே பழைய பிளாக் டீ. இதில் ஒரு மடக்கு, அதில் ஒரு மடக்கு குடிப்பார். கண்ணை மூடி யோசித்துவிட்டு, மூலிகையை "ரிஜெக்ட்" என்பார்.

"டாக்டர் வேணாம்னதையே குடிக்கிறீங்களேண்ணா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"குடிக்கலப்பா, ஒத்துப் பாக்கறேன். அளவு ஒத்துப் பாக்க வெச்சிருக்கிற மாஸ்டர் பீஸ் இல்லாம ஒரு பார்ட்டு சரியா தப்பான்னு எப்படிச் சொல்லுவ?"

சொல்லிவிட்டு அந்த மாஸ்டர் பீஸை எனக்கும் ஒரு மூடி ஊற்றினார். கொதித்துக் கொதித்துக் கறுத்த கசப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செம்பருத்தியே தேவலை.

"இதுவே சரியில்லையேண்ணா."

அவர் கோபப்படவில்லை. மூடியை வாங்கித் துடைத்தபடி, "மாஸ்டர் பீஸை யாருப்பா செக் பண்ணுவாங்க?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை முருங்கைக்கீரை டீயோடு வந்தார். அவ்வளவு கண்டிப்பான இன்ஸ்பெக்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எந்த மூலிகைக்கும் அவர் சலுகை காட்டியதே கிடையாது. ஓசூரில் இறங்கும்போது முருங்கைக்கீரை பிளாஸ்க் ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. மாஸ்டர் பீஸ் சூளகிரிக்கு முன்னாலேயே காலி.