சைடிங் ஓரத்து வெள்ளைச் சுவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு பீரோ செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் துருவைத் தேடிப் பிடிக்கும் வேலை. பெயிண்ட் அடித்து வரும் கதவுகளை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துவைத்து, ஒரு புள்ளி பழுப்பு தெரிந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு, ரயிலேறிப் பட்டாபிராமுக்கு வந்து, கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து துருவை வளர்ப்பேன். கேட்டவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ளட்டும், அவர்கள் தலைதானே.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் கோயிலில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குடில் போட்டி நடக்கும். குழந்தை இயேசு பிறந்த தொழுவத்தை அவரவர் கைப்பட ஒரு பலகையில் செய்துகொண்டு வந்து கோயில் ஹாலில் வைக்க வேண்டும். கமிட்டி சுற்றிப் பார்த்து மார்க் போடும். எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். வைக்கோல் கூரை, ஜிகினா நட்சத்திரம், கூரைமேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி. பட்டாபிராமில் என்றைக்கையா பனி கொட்டியது? டிசம்பரில் எங்களுக்குக் கொட்டுவது மழை, அது விட்டால் கொசு. நான் அந்த வருஷம் பஞ்சு வாங்கப் போவதில்லை என்று முடிவு கட்டினேன்.

குடிலில் நான் செய்ய நினைத்தது எங்கள் பழைய வீட்டை. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்கில் தினக்கூலியாகச் சேர்ந்தவர். வேலை நிரந்தரமாகும்வரை மிலிட்டரி சைடிங் ஓரத்தில், மண் சுவரும் தகரக் கூரையுமாக ஓர் அறையில் குடியிருந்தோம். கூட்ஸ் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பாதை அது. வாசலில் இருந்து பத்தடி தாண்டினால் தண்டவாளம். நான் பிறந்தது அந்த வீட்டில், ஒன்பது வயதுவரை வளர்ந்ததும் அங்கேதான். பிறகு இன்னொரு பாதை போட வேண்டுமென்று அந்த இடத்தைச் சமன் செய்துவிட்டார்கள். எங்களிடம் அந்த வீட்டின் ஒரு போட்டோகூடக் கிடையாது. கேமரா வைத்திருந்தவன் எவன் அங்கே வந்தான்? போட்டிக்கு முந்தின வருஷம் அப்பா செத்துப்போனார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரக் கூரைதான் ஞாபகம் வரும். அந்த வீடு இருந்தது என்பதற்கு நானும் அம்மாவும் மட்டுமே சாட்சி என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாலு பேர் பார்க்கட்டும். அதுவும் மாதாவும் சூசையப்பரும் உள்ளே உட்கார்ந்திருக்கப் பார்க்கட்டும்.

நாலடிக்கு இரண்டடி ப்ளைவுட் பலகை வாங்கினேன். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டேன். அதன்படி எங்கள் பத்தடி வீடு இரண்டரை அங்குலம், ஒரு கூட்ஸ் பெட்டி ஆறு அங்குலம், ஆள் ஒன்றே கால் அங்குலம் சொச்சம். கடையில் விற்கிற சுரூபங்கள் இதில் ராட்சசர்களாகத் தெரிந்தன. அதனால் மாதாவையும் சூசையப்பரையும் குழந்தையையும் களிமண்ணில் நானே பிடித்தேன். சைக்கிள் போக்ஸ் கம்பியைத் தட்டித் தண்டவாளம், ஐஸ் குச்சியைப் பிளந்து கட்டைகள். ஜல்லிக்கு நெமிலிச்சேரி லைன் ஓரத்துக் கல்லையே எடுத்துவந்து அம்மியில் நுணுக்கி டீ வடிகட்டியில் சலித்தேன். அதற்கப்புறம் அந்த வடிகட்டியில் டீ போட்டால் பல்லில் நறநறவென்றது. அம்மா ஒரு வாரம் திட்டினாள்.

கட்டுவது எளிது. கட்டியதைப் பழசாக்குவதில்தான் உயிர் போகும். புத்தம் புதுசாகப் பளபளக்கும் தண்டவாளத்தைப் பார்த்தால் பொம்மை ரயில் மாதிரி இருந்தது. சைடிங்கில் பளபளப்பு ஏது? மேல் முகம் மட்டும் சக்கரம் தேய்த்து மின்னும், பக்கவாட்டில் முழுக்கத் துரு. கம்பெனியில் கிரைண்டிங் செய்யும் இடத்தில் விழும் இரும்புப் பொடியை டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டு வந்தேன். கேட்டில் வாட்ச்மேன் திறந்து பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, சோத்துக்குப் பதிலா இத்தையா துன்ற?” என்றார். பசை தடவி, பொடி தூவி, உப்புத் தண்ணீர் தெளித்து வைத்தால் இரண்டு நாளில் அசல் துரு வந்துவிடும். கூட்ஸ் பெட்டியின் கதவுக் கீல்களுக்குக் கீழே மழைத் தண்ணீர் வடிந்த கறையை ஒற்றை முடி பிரஷ்ஷால் இழுத்தேன். ஜல்லிக்குச் செங்கல் பொடியும் டீத்தூளும். தூரத்தில் நின்று பார்த்தபோது எனக்கே மூக்கில் கரிப்புகை ஏறியது. யார் என்ன சொன்னாலும் சொல்வேன், கம்பெனியில் பத்து வருஷம் செய்த வேலையைவிட அது நல்ல வேலை.

வீட்டைக் கடைசியில் செய்தேன். தடித்த அட்டையில் மண் பூசிச் சுவர், டால்டா டப்பாவை வெட்டி மடித்துத் தகரக் கூரை. என் ஞாபகத்தில் அந்தச் சுவர் கறுப்பு. கை வைத்தால் கை கறுக்கும், சாய்ந்தால் பாவாடை கறுக்கும், பள்ளிக்கூடத்தில் என்னைக் “கரி மூட்டை” என்பார்கள். சைடிங்கில் கரி இன்ஜின் நின்று நின்று ஊதியதெல்லாம் எங்கள் சுவருக்குத்தான். அதனால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகைக்கரியைச் சுரண்டி, நாலு பக்கமும் சுவரில் தேய்த்தேன்.

வேலை முடிந்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். தண்டவாளத்தைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேச்சு கிடையாது. சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்தில் மட்டும் நான் இன்னும் அவள் மகள் என்று தெரிந்தது.

எனக்கா புரியாது? வெட்கம். சொந்த மனை வாங்கி, மாடிப்படி வைத்து வீடு கட்டியாகிவிட்டது. இப்போது போய் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் என்று ஊரே பார்க்க வேண்டுமா என்று நினைக்கிறாள். இப்படி நானே தீர்மானித்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். “இதுல வெக்கப்பட இன்னா கீது? திருடினோமா?” அம்மா குழம்பைக் கிளறினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கமிட்டி வந்தது. தலைவர் எங்கேயோ ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. பஞ்சுப் பனிகளுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தவர் என் பலகைக்கு முன்னால் நின்று, மூக்கைச் சுளித்தார்.

“என்னம்மா இது, பெருக்கித் துடைக்காமலே கொண்டாந்துட்டே?”

“அது அழுக்கு இல்ல சார். நான் செஞ்சது.”

“அழுக்கை யாராவது செய்வாங்களா?”

“நான் செய்வேன். ஒரு மாசம் ஆச்சு செய்ய.”

சுற்றிலும் சிரிப்பு. அவர் முகம் சிவந்தது. மாதாவைக் குப்பைமேட்டில் உட்கார வைத்திருக்கிறாயே, இது தேவதூஷணம் இல்லையா என்றார். தொழுவம் மட்டும் என்ன, பினாயில் போட்டுக் கழுவி வைத்திருந்தார்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. யாரால் அடக்க முடிந்தது? அவர் கை விரலை நீட்டி, “சாயந்தரத்துக்குள்ள எல்லாத்தையும் தொடைச்சு, பெயிண்ட் அடிச்சு வெச்சா ஹால்ல இருக்கும். இல்லேன்னா தூக்கிட்டுப் போயிடு” என்றார். தூக்கவும் மாட்டேன், துடைக்கவும் மாட்டேன் என்றேன். அழுதுவிடக் கூடாதே என்று பலகையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். போச்சு, இவளும் அவர் பக்கம்தான் என்று நினைத்தேன். தலைவரும் அப்படித்தான் நினைத்தார்.

“நீங்களாவது பொண்ணுக்குச் சொல்லுங்கம்மா.”

“சொல்லத்தான் வந்துகீறேன்” என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பினாள். “அந்த சொவுரு தப்பு.”

“எது?”

“எங்க ஊட்டு சொவுரு. நான் அந்த ஊட்டை இப்டியாடி வெச்சினு இருந்தேன்? வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு மொத நாளு, கல்லு சுண்ணாம்பு வாங்கியாந்து, பானைல நீத்து, நானே வெள்ளையடிப்பேன். உங்கப்பா டூட்டிக்குப் போயிடும். உன்னை வயித்துல வெச்சினு, நெறமாசத்துல, முக்காலி மேல ஏறி அடிச்சேன். ரெண்டு நாள்ல அந்த இன்ஜின்காரன் ஊதி மறுபடி கறுப்பாக்குவான். அது வேற. கிறிஸ்மஸ் அன்னிக்கு என் ஊடு வெள்ளை. மாதா வந்து உக்காந்த ஊட்டை கரியா வெச்சிக்கினு இருந்தேன்னு நீ ஊருக்குக் காட்டுவியா?”

மூன்று நாள் பேசாமல் இருந்தது இதற்கா! நனைந்த சுண்ணாம்பு வாசனை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கிறிஸ்துமஸ் அன்று எனக்குத் தலை பின்னிவிட்ட அம்மாவின் விரல்கள் வெந்து வெடித்து, முடியில் சிக்கிக்கொள்ளும். அதையெல்லாம் மறந்துவிட்டுக் கரியை மட்டும் வைத்திருந்தேன். பெரிய இவள் மாதிரி அளவெல்லாம் போட்டேனே, சனியன், முக்கியமானதைக் கோட்டை விட்டேன்.

அம்மா இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையை எடுத்தாள். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து கட்டைவிரலில் தொட்டு, வாசல் சுவரில் ஒரு இழுப்பு. அவள் விரலுக்கு இரண்டு இழுப்புதான் ஒரு சுவர். பக்கச் சுவர், பின் சுவர் எல்லாம் ஆயிற்று. சைடிங்கைப் பார்த்த வாசல் சுவர்தான் உயரம், அதில் மட்டும் கூரைக்குக் கீழே ஒரு நூல் கறுப்பை விட்டுவைத்தாள். “அங்க எனக்கு எட்டாது” என்றாள்.

அத்தனை துருவுக்கும் கரிக்கும் நடுவில் அந்த வீடு மட்டும் பளிச்சென்று நின்றது. தலைவருக்கு ஒரே சந்தோஷம். “அதானே! பெரியவங்க பெரியவங்கதான். அப்படியே அந்த வண்டி, தண்டவாளம் எல்லாத்தையும் தொடைச்சுடுங்க.”

அம்மா டப்பாவை மூடினாள்.

“அது ரயிலோட அழுக்குங்க. அதை நான் எதுக்குத் தொடைக்கணும்? என் ஊட்டுக்கு நான் வெள்ளையடிச்சேன். அவ்ளோதான்.”

பிறகு என்ன, போட்டியிலிருந்து எங்களை எடுத்துவிட்டார். முதல் பரிசு பஞ்சுப் பனிக்குப் போயிற்று. பலகையை நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, வீட்டுக்குக் கொண்டுபோகாமல், ஹால் வராந்தாவில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். வராந்தாவுக்குக் கமிட்டி கிடையாது. அன்று செருப்பு மாட்டக் குனிந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். அப்பாவோடு கேங்கில் இருந்த ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் தண்டவாளத்தோரம் நட்டிருந்த கைகாட்டி சிக்னல் மரம் இன்னும் தள்ளி இருக்க வேண்டும் என்று சண்டை போட்டார். அம்மா அவரோடு பதிலுக்குச் சண்டை போட்டாள். நான் அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்தப் பலகை எங்கள் வீட்டு லாஃப்டில் தொண்ணூறுகள் முழுக்க இருந்தது. ஒவ்வொரு டிசம்பரும் அதை இறக்குவோம். பரணின் புழுதி படிந்து துரு இன்னும் அசலாகியிருக்கும், அதை நான் தொட மாட்டேன். வீட்டுச் சுவருக்கு மட்டும் அம்மா வெற்றிலைப் பையைத் திறந்து ஒரு கை சுண்ணாம்பு இழுப்பாள். கண் மங்கிய பிறகும் விரலால் தடவிப் பார்த்து இழுத்தாள். பூச்சுமேல் பூச்சாக ஏறி, சுவர் அளவு மீறிப் பருத்துவிட்டது. ஒருநாள் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நான் செய்தபோது அசல் வீட்டுக் கணக்கில் நாலு அங்குலக் கனம், இப்போது ஓர் அடிக் கனம். திருத்தலாமா என்று ஒரு நிமிஷம் பிளேடைக் கையில் எடுத்தேன். கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் அந்த வீட்டில் நாங்கள் சுவரோடு சேர்ந்து ஆடியது ஞாபகம் வந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவு கெட்டியான சுவர் அங்கே இருந்தவரை எங்களுக்கு வாய்க்கவில்லை.