கேட் திறக்க நின்ற வேன்

வட இங்கிலாந்தில், மலைகளுக்கு நடுவே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. செலவைக் குறைக்க, நானும் கேளம்பாக்கத்து நண்பன் சேகரும் பஸ்ஸை நம்பியே சுற்றினோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே பஸ் கிடையாது என்பது, மழையில் தொப்பலாக நனைந்த பிறகுதான் தெரிந்தது.

அப்போது ஒரு பழைய வேன் வந்தது. ஊர்ப் பழக்கத்தில் சேகர் கையை நீட்டினான். வேன் சற்றுத் தள்ளிப்போய் நின்றது.

"நிக்குது மச்சான், ஓடியா!"

ஷேர் ஆட்டோவில் ஏறுவதுபோல் பின்கதவைத் திறந்து, உள்ளே இருந்த நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். நானும் ஏறிக்கொண்டேன்.

ஓட்டிவந்த பெண்மணி திரும்பி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கே போகணும்?" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரயில்வே ஸ்டேஷன்" என்றேன். நெடுந்தூரம் ஓட்டிவந்து அங்கே இறக்கிவிட்டார்.

"எங்களுக்காக நிறுத்தினீங்களே, ரொம்ப நன்றி" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்களுக்காக நிறுத்தலை. என் வீட்டு கேட்டைத் திறக்கத்தான் நின்னேன்."

வேன் அதே மழையில் வந்த வழியே திரும்பிப் போனது.

"இன்னாடா இது, அவங்க வூட்டு வாசல்லயே ஏறிக்கினு வந்துட்டோமா!" என்று சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இப்போதெல்லாம் மழை நாளில், கேளம்பாக்கத்தில் யாராவது ஆட்டோ கிடைக்காமல் கை காட்டிக்கொண்டிருந்தால் என் காரை நிறுத்துகிறேன். சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "எங்கே போகணும்?"