நெல்லுக்குள் இருந்த வெயில்

நெல் கொள்முதல் நிலையத்தில், சிந்திய நெல்லைக் கூட்டிப் பெருக்கும் அம்மா அவர். ஒடிசலான உடம்பு. சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. அதன் வலது கையை மட்டும் எப்போதும் முழங்கைக்கு மேல் சுருட்டியிருப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

தை மாதத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் அப்படியொரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. என் நெல்லுக்கு எடை போடும் முறை வருவதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. குவியல்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட என்னோடு ஓடி வந்தவர் அவர் ஒருவர்தான். இருவரும் தொப்பலாக நனைந்தோம்.

மழை விட்டதும் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, நெல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஈரம் ஏறிடுச்சாம்மா?" என்றேன்.

"சூடா கீது நைனா."

நனைந்த நெல்தான் உள்ளே புழுங்கிச் சூடேறும். அப்புறம் அதை யார் வாங்குவார்கள்?

என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

"அய்யே, பயப்படாத. காஞ்சுதான் கீது. நேத்து வெயிலு இன்னும் உள்ள கீது. குளுருக்கு எதமா கீதேன்னு கைய வெச்சிக்கினு கீறேன். தெனமும் யாரு நெல்லுலனா வெப்பேன். நீயும் வுட்டுப் பாரு."

விட்டேன். உலர்ந்த மணிகள் விரலிடுக்கில் சலசலத்தன. கதகதப்பு முழங்கை வரை ஏறியது. என் முறை வந்து கூப்பிடும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இப்போதெல்லாம் நெல்லைக் காயவைத்துக் குவித்ததும் நானும் கையை விட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

"ஈரம் பாக்க இவ்ளோ நேரமா?" என்கிறாள் மனைவி.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்" என்கிறேன்.